தேங்காய் வாரம்: பாலர் பள்ளியில் ஐந்து நாள் நடவடிக்கைகள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரே கருப்பொருளை வைத்துக்கொண்டு ஒரு வாரத்தை எப்படி ஓட்டுவது என்று பினாங்குத் தீவிலும் பிறை, பட்டர்வொர்த் பக்கமும் புதிய ஆசிரியர்களும் பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். எடுத்துக்காட்டுக்குத் தேங்காயை வைத்திருக்கிறோம். கணக்கு இது: ஐந்து வயதுப் பிள்ளைகள் 20 பேர், ஓர் ஆசிரியர், ஓர் உதவியாளர், காலை 8 முதல் 12 வரை. உங்கள் வகுப்பு இதைவிடச் சிறிதென்றால் அளவுகளைக் குறைத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களின் எண்ணிக்கையை மட்டும் குறைக்க வேண்டாம்.

1. வாரம் முழுக்க ஒரே தலைப்பா? பிள்ளைங்களுக்கு போர் அடிக்காதா?

பெரியவர்களுக்குத்தான் போர் அடிக்கும். ஐந்து வயதுப் பிள்ளை ஒரு பொருளை முதல் நாள் பார்க்கும், மறுநாள் தொடும், மூன்றாம் நாள்தான் அதைப் பற்றிக் கேள்வி கேட்கும். திங்கள் தேங்காய், செவ்வாய் பேருந்து, புதன் பட்டாம்பூச்சி என்று தாவினால் அந்த மூன்றாம் நாள் வரவே வராது.

ஆனால் ஒரே தலைப்பு என்பதற்காக ஐந்து நாளும் தேங்காய்ப் படத்துக்கு வண்ணம் தீட்டச் சொன்னால் சலிப்பு தட்டத்தான் செய்யும். தலைப்பு ஒன்றாக இருக்கட்டும், கை செய்யும் வேலை நாளுக்கு நாள் மாறட்டும்.

2. பழங்கள், வாகனங்கள், என் குடும்பம்னு வழக்கமா போடுறதை விட்டுட்டு ஏன் தேங்காய்?

‘பழங்கள்’ என்று போட்டால் சுவரில் பத்துப் படம் ஒட்டுவோம், பிள்ளை பத்துப் பெயரை ஒப்பிக்கும், அதோடு சரி. தேங்காய் ஒரே பொருள். ஆனால் அதற்குள் நார், ஓடு, பருப்பு, தண்ணீர், பால், எண்ணெய் எல்லாம் இருக்கின்றன. உருட்டலாம், தூக்கிப் பார்க்கலாம், தட்டலாம், பிழியலாம், தின்னலாம். நாசி லெமாக் முதல் சட்னி வரை பிள்ளை தினமும் சாப்பிடும் பொருளாகவும் இருக்கிறது.

இன்னொரு வசதியும் உண்டு. ஒரு நாள் மிச்சம் மறுநாளுக்கு முதலாகும். செவ்வாய் பிழிந்த பால் புதன் காலைப் பேச்சுக்கு வரும். திங்களன்று பிய்த்த நார் வியாழனன்று தூரிகையாகும்.

3. அஞ்சு நாளும் என்ன செய்யணும்? முதல்ல சுருக்கமா சொல்லுங்க.

திங்கள்: தூக்குதல், முகர்தல், குலுக்கிக் கேட்டல், நார் பிய்த்தல், தண்ணீர்த் தொட்டியில் போட்டுப் பார்த்தல். செவ்வாய்: உடைத்தல், துருவலைத் தொடுதல், பால் பிழிதல். புதன்: கொட்டாங்குச்சியை வைத்து எண் விளையாட்டு, தாளம். வியாழன்: நார்த் தூரிகையில் ஓவியம், எண்ணெய் உறைவதைக் கவனித்தல், எழுத்து. வெள்ளி: இனிப்பு அவல், ‘தேங்காய்க் கடை’ நடிப்பு விளையாட்டு.

திங்களும் செவ்வாயும் இடம் மாறக்கூடாது. முழுத் தேங்காயோடு ஒரு நாளாவது பழகாத பிள்ளைக்கு உடைபட்ட தேங்காயைக் காட்டினால், ‘உள்ளே என்ன இருக்கும்?’ என்று யோசிக்கும் வாய்ப்பே கிடைக்காது. திங்களன்று குலுக்கச் சொல்லுங்கள், உள்ளே என்ன சத்தம் என்று கேளுங்கள், பதிலைச் சொல்லாமல் வீட்டுக்கு அனுப்புங்கள்.

4. ஒரு நாளை எப்படிப் பிரிக்கிறது? நாலு மணி நேரம் பத்தவே மாட்டேங்குது.

8.00 வருகை, சுதந்திர விளையாட்டு. 8.20 வெளியே ஓட்டம். 8.50 பாயில் வட்டமாக உட்கார்ந்து பேச்சும் பாட்டும், 15 நிமிடம். 9.05 முதல் நடவடிக்கை. 9.50 கை கழுவி உணவு. 10.25 மூலைகளில் குழு வேலை. 11.15 கதை. 11.35 ஒழுங்குபடுத்துதல், அன்றைய பேச்சு, பை எடுத்தல்.

வெளியே விடும் நேரத்தை முன்னால் போட்டதற்குக் காரணம் வெயில். பத்தரைக்கு மேல் பினாங்கு வெயிலில் ஓடிவிட்டு வந்த பிள்ளை அடுத்த அரை மணி நேரத்துக்கு எதிலும் ஒட்டாது. மழை மாதங்களில், குறிப்பாகச் செப்டம்பர், அக்டோபரில், இந்த அரை மணி நேரத்தை மண்டபத்துக்கோ கூரையுள்ள ஐந்தடிப் பாதைக்கோ மாற்றிக்கொள்ளுங்கள், ரத்துசெய்ய வேண்டாம்.

நேரம் எங்கே போகிறது என்று பார்த்தால் பெரும்பாலும் குழாயடியில் நிற்கும். ஒரே குழாயில் 20 பேர் வரிசையாக நின்றால் 15 நிமிடம் போய்விடும். நால்வர் நால்வராக அனுப்புங்கள், மற்றவர்கள் பாயில் பாடிக்கொண்டிருக்கட்டும்.

5. என்னென்ன சாமான் வேணும்? எங்கே வாங்குறது?

நார் உரிக்காத முற்றிய தேங்காய் 2, உரித்த தேங்காய் 6, இளநீர் 1. வெள்ளைத் துணித் துண்டு, ஒரு சாண் சதுரமாக 20. அகலமான பிளாஸ்டிக் தொட்டி 2. தட்டையான தட்டு 10, ரவை 2 கிலோ. தேங்காய் எண்ணெய் இரண்டு சிறு போத்தல். போஸ்டர் வண்ணம் மூன்று நிறம், மஹ்ஜோங் தாள் (பெரிய வெள்ளைத் தாள்) 5. அவலும் குலா மெலாக்காவும் (தென்னை வெல்லம்) வெள்ளிக்கிழமைக்கு. அளவு 16ஆம் பதிலில்.

சௌராஸ்தா சந்தையிலோ உங்கள் வட்டாரக் காலைச் சந்தையிலோ இயந்திரத்தில் தேங்காய் துருவிக் கொடுக்கும் கடையிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால் சம பாதியாக உடைத்த ஓடுகளை எடுத்துவைப்பார்கள். 20 பாதிகள் வேண்டும். நாமே உடைக்கும் ஓடு கோணல்மாணலாகப் போகும், விளிம்பும் கூராக இருக்கும். கடையில் வாங்கியதையும் உப்புத்தாளால் விளிம்பு தேய்த்த பிறகே பிள்ளைகளிடம் கொடுக்கவும். ஓட்டில் ஒட்டியிருக்கும் பருப்பை அன்றே சுரண்டி எடுத்துவிடுங்கள். விட்டால் மறுநாள் பூஞ்சை, அதற்கு முன்பே எறும்பு.

6. மிதக்கும்னு சொல்லித்தான் போட்டோம், எங்க தேங்காய் மூழ்கிடுச்சே டீச்சர்?

மூழ்கினால் நல்லதுதான், அதுதான் பாடம். ஆனால் ஆசிரியர் தடுமாறக்கூடாது என்பதால் முந்தைய நாளே தனியாகப் போட்டுப் பாருங்கள். நார் உரிக்காத தேங்காய் நன்றாக மிதக்கும், நாருக்குள் காற்று இருக்கிறது. உரித்த தேங்காய் எப்படி நடந்துகொள்ளும் என்பது உள்ளே எவ்வளவு தண்ணீர், எவ்வளவு காற்று என்பதைப் பொறுத்தது. நாள்பட்ட தேங்காயில் தண்ணீர் வற்றிக் காற்று கூடியிருக்கும், அது மிதக்கும். புதிதாக, தளதளவென்று நீர் நிறைந்திருப்பது நீருக்குள்ளேயே தொங்கும், சில சமயம் அடியில் போய் உட்காரும்.

பிள்ளைகளுக்கு இரண்டு தேங்காயைக் கொடுத்துக் குலுக்கச் சொல்லுங்கள். ‘களக் களக்’ என்று சத்தம் வருவதில் காற்று இருக்கிறது. சத்தமே வராததில் இடமில்லாமல் தண்ணீர் நிறைந்திருக்கிறது. பிறகு எது மிதக்கும் என்று கை தூக்கச் சொல்லிவிட்டுத் தொட்டியில் போடுங்கள்.

இதைவிடச் சுவையானது கொட்டாங்குச்சி. பாதி ஓட்டைக் கிண்ணம்போல் வைத்தால் மிதக்கும். அதே ஓட்டின் உடைந்த சில்லைப் போட்டால் மூழ்கும். ‘ஒரே சாமான்தானே, ஏன்?’ என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். அடர்த்தி, இடப்பெயர்ச்சி என்றெல்லாம் போக வேண்டாம். கிண்ணத்தில் கரண்டி கரண்டியாகத் தண்ணீர் ஊற்றி, எத்தனையாவது கரண்டியில் மூழ்குகிறது என்று எண்ணவிடுங்கள். தொட்டியில் நீர் ஒரு சாண் உயரம் போதும். பக்கத்தில் ஒரு பெரியவர் இல்லாத நேரத்தில் தொட்டியில் நீர் இருக்கக்கூடாது.

7. பிள்ளைங்க முன்னாடியே உடைக்கலாமா?

உடைக்கலாம், உடைப்பது பெரியவர். தரையில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, பிள்ளைகளை மூன்று மீட்டர் தள்ளி உட்காரவையுங்கள். நிற்கவைத்தால் பின்வரிசை முன்னே வரும். பாராங் கத்தியின் கூர் பக்கத்தைத் தொடவே வேண்டாம். முதுகுப் பக்கத்தால் தேங்காயின் நடுவட்டத்தில், உருட்டி உருட்டி ஏழெட்டுத் தட்டுத் தட்டினால் வெடிப்பு ஓடும். கீழே பாத்திரம் இருந்தால் தண்ணீர் வீணாகாது.

உடைக்கும் முன் மூன்று கண்களைக் காட்டுங்கள். மூன்றில் ஒன்றுதான் மெத்தென்று இருக்கும், குச்சியால் குத்தினால் உள்ளே போகும். எந்தக் கண் என்று பிள்ளைகள் விரலால் தேடட்டும். முளை வெளியே வரும் வழி அதுதான். தேங்காய்த் தண்ணீரையும் இளநீரையும் தனித்தனிக் குவளையில் ருசி பார்க்கக் கொடுங்கள். எது இனிப்பு என்பதில் வகுப்பே இரண்டாகப் பிரியும்.

8. பால் பிழியுறப்போ ஒரே களேபரம். பாதிப் பேருக்குப் பாலே வரலை.

பெரும்பாலும் தண்ணீர்தான் காரணம். குளிர்ந்த நீரில் பிழிந்தால் பால் சரியாக இறங்காது. குழந்தையைக் குளிப்பாட்டும் சூட்டில் வெந்நீர் இருக்க வேண்டும், அதற்கு மேல் கூடாது. ஒரு பிள்ளைக்குத் துருவல் மூன்று மேசைக்கரண்டி, வெந்நீர் நான்கு மேசைக்கரண்டி. கிண்ணத்தில் இரண்டையும் போட்டு, ஒன்றிலிருந்து முப்பது வரை எண்ணியபடி விரலால் பிசைந்துவிட்டு, துணியில் கொட்டி, முடிந்து, முறுக்கிப் பிழிய வேண்டும். நிறையத் தண்ணீர் ஊற்றினால் பால் வந்தாலும் வெளுத்த தண்ணீராகத்தான் இருக்கும்.

இரண்டாவது காரணம் துணி. மெல்லிய துணியில் சக்கையும் சேர்ந்து வரும், கெட்டித் துணியில் பிஞ்சுக் கைகளால் பிழிய முடியாது. பழைய வெள்ளை வேட்டித் துணி அளவாக இருக்கும். 20 பேரையும் ஒரே நேரத்தில் பிழியவிடாதீர்கள், ஐந்து ஐந்து பேராக உதவியாளரோடு ஒரு மேசையில் செய்யட்டும். மற்றவர்கள் மூலைகளில் இருக்கட்டும்.

துருவல் நம் ஊர் வெக்கையில் இரண்டு மூன்று மணி நேரத்திலேயே புளித்துவிடும். காலையில் வாங்கியதை ஐஸ் பெட்டியில் வைத்து, பத்தரைக்கு முன் முடித்துவிடுங்கள். பிள்ளைகள் கை போட்டுப் பிழிந்த பால் குடிப்பதற்கல்ல. ஒரு கண்ணாடிப் போத்தலில் ஊற்றிக் குளிர்பெட்டியில் வைத்தால் மறுநாள் மேலே கெட்டியான ஏடு ஒதுங்கியிருக்கும். புதன் காலை பாயில் பேச அதுவே போதும்.

9. எழுத்து எப்போ வரும்? வாரக் கடைசியில ‘தேங்காய்’னு எழுதத் தெரிய வேணாமா?

வேண்டாம். ‘தேங்காய்’ என்ற சொல்லில் ஒரு கொம்பு, ஒரு கால், இரண்டு புள்ளி எழுத்து இருக்கின்றன. அதைப் படத்தோடு சேர்த்து ‘பார்த்தால் தெரியும் சொல்’லாக வைத்துக்கொள்ளுங்கள். அட்டையில் எழுதித் தேங்காய்க்குப் பக்கத்திலேயே ஐந்து நாளும் வையுங்கள், வியாழனன்று பிள்ளைகள் அதை அடையாளம் காண்பார்கள்.

காதுக்கு முதலில் வேலை கொடுங்கள். கொட்டாங்குச்சி இரண்டைத் தட்டி அசை பிரிக்கலாம்: நார் ஒரு தட்டு, தேங்–காய் இரண்டு, இ–ள–நீர் மூன்று, கொட்–டாங்–குச்–சி நான்கு. பிறகு ‘தே’யில் தொடங்கும் மற்றவை: தேன், தேர், தேள், தேநீர். ‘தெரு’ என்று ஒரு பிள்ளை சொன்னால் தப்பு என்று தள்ளாமல் ‘தெரு, தேர்’ என்று இரண்டையும் நீட்டியும் குறுக்கியும் சொல்லிக் காட்டுங்கள். குறில் நெடில் அங்கேயே வந்துவிட்டது.

கைக்கு ட, ப, ம போதும். கோடுகளால் ஆனவை ட, ப. வளைவு சேர்ந்தது ம. மூன்றும் வந்தால், ம–வுக்குப் புள்ளி வைத்துப் படம், மடம் என்று சொல்லே கிடைத்துவிடும். தட்டில் 200 கிராம் ரவையைப் பரப்பி விரலால் எழுதவையுங்கள். அரிசி மாவு ஈரக் காற்றில் இரண்டாம் நாளே கட்டி தட்டும், உப்பு கசியும், ரவை அப்படியில்லை. உணவுப் பொருளில் விளையாடுவது சில வீடுகளில் பிடிக்காது. அவர்களுக்காகக் காய்ந்த சலித்த மணல் வைத்துக்கொள்ளுங்கள். வண்ணக் கிரையோன்களைக் கட்டைவிரல் நீளத்தில் பாதி அளவுக்கு உடைத்துக் கொடுங்கள். துண்டு சிறியதாக இருந்தால் முஷ்டியால் பிடிக்க வழியில்லை, விரல்நுனிகள் தாமாகவே பென்சில் பிடிக்கு வந்துவிடும். முழுக் கிரையோனை உடைக்க மனம் வராத ஆசிரியர்கள் நிறைய உண்டு. உடையுங்கள்.

10. கொட்டாங்குச்சியில என்ன கணக்கு சொல்லித் தர்றது?

மலாயில் ‘காத்தாக் டி பாவா தெம்புருங்’ என்பார்கள், கொட்டாங்குச்சிக்கு அடியில் இருக்கும் தவளை. நாம் அதைக் கிணற்றுத் தவளை என்கிறோம். விளையாட்டுக்குக் கிணற்றைவிடக் கொட்டாங்குச்சி வசதி. ஐந்து பச்சைப் பொத்தான்கள்தான் தவளைகள். எல்லாரும் எண்ணிப் பார்த்த பிறகு கண் மூடச் சொல்லி, சிலவற்றை ஓட்டுக்குள் ஒளித்துவையுங்கள். வெளியே இரண்டு இருக்கின்றன, உள்ளே எத்தனை? சொன்ன பிறகு பிள்ளையே ஓட்டைத் தூக்கிச் சரிபார்க்கும். ஆசிரியர் ‘சரி’, ‘தப்பு’ சொல்லத் தேவையே இல்லாத கணக்கு இது.

ஐந்தில் தடுமாறாமல் வந்த பிறகே ஏழு, பத்து. வெளியே ஒன்றுமே வைக்காமல் எல்லாவற்றையும் ஒளித்தால் பூஜ்ஜியம் வந்துவிடும், அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

11. மூணு மொழியும் ஒரே வாரத்துலயா? குழம்பிப் போக மாட்டாங்களா?

ஒரே வாக்கியத்தை மூன்று மொழியிலும் அடுத்தடுத்துச் சொன்னால் குழம்புவார்கள். அதைவிட மோசம், தங்களுக்குப் பழகிய மொழி வரும்வரை காதை மூடிக்கொள்வார்கள். மொழிக்கு ஒரு நேரம் வையுங்கள். தமிழ் வாரம் முழுக்க ஓடட்டும். மலாய் புதனன்று தவளை விளையாட்டோடு வரட்டும்: கெலாப்பா, சாபுட், தெம்புருங், சாந்தான். ஆங்கிலம் வியாழனன்று ஓவியத்தின்போது வரட்டும், நான்கு சொல் போதும்.

பொருள் ஏற்கெனவே கையில் இருப்பதால் சொல் மட்டும்தான் புதிது, அதனால்தான் இது எளிது. சுவரில் மூன்று மொழி அட்டைகளையும் மூன்று நிறத்தில் எழுதுங்கள். எந்த நிறம் எந்த மொழி என்பதை ஆண்டு முழுக்க மாற்றாதீர்கள்.

12. வீட்டுல தமிழே பேசாத பிள்ளையை என்ன பண்றது? வாயே திறக்க மாட்டேங்குது.

சில மாதங்கள் வாய் திறக்காமல் இருப்பது வழக்கம்தான், காது வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. ‘சொல்லு’ என்பதைவிட ‘எடுத்துக்கொண்டு வா’ என்று சொல்லுங்கள். ‘நாரை எடு’, ‘ஓட்டைக் கவிழ்த்து வை’ என்றால் பிள்ளை செய்யும், புரிந்திருக்கிறது என்று நமக்கும் தெரியும். அந்தப் பிள்ளை ‘கோகோனட்’ என்றால் ‘ஆமா, தேங்காய்’ என்று தொடருங்கள். உச்சரிப்பும் அப்படித்தான். ‘பளம்’ என்று சொன்னால் நிறுத்தித் திருத்தாமல், ‘பழம் வேணுமா? இந்தா பழம்’ என்று அடுத்த பேச்சில் சரியாகச் சொல்லிவிட்டுப் போங்கள்.

13. எங்க பையன் பிசுபிசுன்னு இருக்கிறதைத் தொடவே மாட்டான். கட்டாயப்படுத்தலாமா?

கூடாது. கரண்டி கொடுங்கள், இரண்டாம் நாள் துணிக்கு வெளியே பிடிக்கச் சொல்லுங்கள், பக்கத்திலேயே ஈரத்துணி ஒன்று இருக்கட்டும். கையைத் துடைத்துக்கொள்ள வழி இருக்கிறது என்று தெரிந்தாலே பாதிப் பிள்ளைகள் தொட்டுவிடுவார்கள். சோறு, மணல், பசை எதையும் தொடாமல், சட்டை லேபிள்கூட உறுத்துகிறது என்று அழும் பிள்ளையானால், பெற்றோர் மருத்துவரிடம் சொல்லி ஒருமுறை பார்ப்பது நல்லது.

14. நாலு வயசும் அஞ்சு வயசும் ஒரே வகுப்புல இருந்தா?

நடவடிக்கை ஒன்றே, எதிர்பார்ப்பு மட்டும் வேறு. தவளை விளையாட்டில் நான்கு வயதுக்கு மூன்று பொத்தான், ஐந்து வயதுக்கு ஐந்து. ரவைத் தட்டில் நான்கு வயதுக்குக் கோடும் வட்டமும், ஐந்து வயதுக்கு 9ஆம் பதிலில் சொன்ன மூன்று எழுத்து. பால் பிழிய இருவரையும் ஜோடியாக விடுங்கள், சின்னவர் துணியைப் பிடிக்க, பெரியவர் முறுக்கலாம்.

15. நார்த் தூரிகையும் எண்ணெயும் சரியா வரலை. எங்க தப்பு?

நாரைக் காய்ந்தபடியே பயன்படுத்தியிருப்பீர்கள். விரல் நீளத் துண்டுகளாக வெட்டி, புதன் இரவு முழுக்க நீரில் ஊறவைத்து, வியாழன் காலை ஒரு நுனியை மட்டும் கல்லால் நசுக்கினால் தூரிகைபோல் பிரியும். பச்சைத் தேங்காயின் மட்டை வேண்டாம், அதன் சாறு பட்ட சீருடையில் பழுப்புக் கறை போகவே போகாது. வண்ணத்தில் தண்ணீர் கூடினால் நார் அதைக் குடித்துவிடும், தாளில் ஒன்றும் விழாது. தயிர் பதத்தில் கரையுங்கள்.

தேங்காய் எண்ணெய் சுமார் 24 பாகை செல்சியஸுக்குக் கீழே போனால் உறையும். நம் ஊரில் மேசையில் வைத்தால் நீராகவே இருக்கும். ஒரு போத்தலை மேசையிலேயே விட்டு, மற்றதைக் காலையில் குளிர்பெட்டியில் வைத்து, உணவு வேளைக்குப் பிறகு வெளியே எடுங்கள். பிள்ளைகள் உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் மறுபடி உருகும். எங்கே தப்பு நடக்கிறது என்றால், வகுப்பில் குளிர்சாதனத்தை 20 பாகையில் வைத்திருந்தால் மேசையிலிருக்கும் எண்ணெயும் உறையத் தொடங்கும், இரண்டு போத்தலுக்கும் வித்தியாசமே தெரியாது. அன்றைக்கு மட்டும் விசிறி போதும்.

16. வெள்ளிக்கிழமை ஒண்டே ஒண்டே செய்யலாமா? பிள்ளைங்களுக்குப் பிடிக்குமே?

பிடிக்கும். ஆனால் பாலர் பள்ளிக்கு ஏற்றதல்ல. மாவு உருண்டைக்குள் உருகிய குலா மெலாக்கா சூடாக இருக்கும்போது கடித்தால் நாக்கு வெந்துபோகும். ஆறிய பிறகு உருண்டை பிசினாகித் தொண்டையில் அடைக்கும். அடுப்பே வேண்டாத இனிப்பு அவல் செய்யுங்கள்.

20 பேருக்கு: கெட்டி அவல் 500 கிராம், துருவல் இரண்டு கப், சீவிய குலா மெலாக்கா 200 கிராம், உப்பு ஒரு சிட்டிகை. கெட்டி அவலைக் கழுவி, மூழ்கும் அளவு குடிநீரில் பத்து நிமிடம் ஊறவைத்து வடிகட்ட வேண்டும். மெல்லிய அவலானால் ஊறவைக்கவே கூடாது, தண்ணீர் தெளித்துப் பிசிறினால் போதும், இல்லாவிட்டால் கூழாகிவிடும். இந்த ஒரு தவறுதான் எல்லா இடத்திலும் நடக்கிறது. துருவல் அன்று காலை வாங்கியதாக இருக்கட்டும், செவ்வாய்க்கிழமை மிச்சம் வேண்டாம்.

குலா மெலாக்காவைச் சீவுவது பெரியவர், அளப்பதும் கலப்பதும் பிள்ளைகள். ‘இதுவும் தென்னைமரத்திலிருந்துதான், பாளையிலிருந்து இறக்கும் பதநீரைக் காய்ச்சினால் வரும்’ என்று சொன்னால் கண்கள் விரியும். வேர்க்கடலை சேர்க்காதீர்கள். தேங்காய் ஒவ்வாமை அரிது, ஆனால் உண்டு. திங்களுக்கு முன்பே புலன (வாட்ஸ்அப்) குழுவில் பெற்றோரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தேங்காய்த் துண்டு கொடுப்பதானால் கட்டியாக வெட்டாமல் மெல்லிய சீவலாகக் கொடுங்கள்.

17. தேங்காய் உடைக்கிறது சாமி சம்பந்தமாச்சே. வேற மதப் பிள்ளைங்க வீட்டுல ஏதும் சொல்வாங்களா?

வகுப்பில் உடைப்பது தின்பதற்கு. கற்பூரம், பூ, தட்டு எதுவும் பக்கத்தில் இல்லாமல் பார்த்துக்கொண்டால் குழப்பம் வராது. ஆனாலும் பேச்சு வரும். தைப்பூசத்துக்கு முதல் நாள் தண்ணீர்மலைக்கு ரதம் போகும் வழியில் மலைமலையாகத் தேங்காய் உடைவதைப் பார்க்காத பினாங்குப் பிள்ளை குறைவு. ‘நான் பார்த்தேன்’ என்று ஒரு பிள்ளை சொன்னால் சொல்லவிடுங்கள். அதே பாயில் இன்னொரு பிள்ளை, பாட்டி பெருநாளுக்கு ரெண்டாங் சமைக்கத் தேங்காய் வறுத்ததைச் சொல்லும், மற்றொன்று கிறிஸ்துமஸ் கேக்கில் தேங்காய்த் துருவல் தூவியதைச் சொல்லும். யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று கேட்டுக்கொள்வது வேறு, வகுப்பில் வழிபாடு செய்வது வேறு. சந்தேகமுள்ள பெற்றோருக்கு வாரத் திட்டத்தை முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள்.

18. புத்தகத்துல ஒண்ணுமே எழுதலையே. விளையாடவா அனுப்புறோம்?

நேர்மையான கேள்வி. அடுத்து முதலாம் ஆண்டு வருகிறதே என்ற பயம் நியாயமானது. 2017இல் திருத்தப்பட்ட தேசியப் பாலர் பள்ளிக் கலைத்திட்டமே விளையாட்டின்வழிக் கற்றலை ஒரு முறையாகச் சொன்னது. மொழித்தொடர்பு, ஆன்மிகமும் நன்னெறியும், மனிதவியல், தன்னாளுமை, உடல் வளர்ச்சியும் அழகியலும், அறிவியலும் தொழில்நுட்பமும் என்று ஆறு துறைகளை வைத்தது. எழுதுவது அவற்றில் ஒன்றின் ஒரு பகுதி.

பெற்றோருக்குப் பட்டியலைவிட ஒரு காட்சி புரியும். துணியை முறுக்கிப் பால் பிழியும்போது வேலை செய்யும் தசைகளே பென்சில் பிடிக்கும் தசைகள். பிழிய முடியாத கை அரைப் பக்கம் எழுதினால் வலிக்கும். ஓட்டைத் தூக்காமலே ‘மூணு’ என்று சொன்ன பிள்ளைக்கு 5 – 2 = 3 என்பது முதலாம் ஆண்டில் புதிய விஷயமாக இருக்காது. வெள்ளிக்கிழமை ‘தேங்காய்க் கடை’ விளையாட்டுக்குப் பெற்றோர் இருவரை வாடிக்கையாளராக அழையுங்கள். அதற்குப் பிறகு இந்தக் கேள்வி குறையும்.

19. மார்க் இல்லாம எப்படி மதிப்பிடுறது? 20 பேரையும் எப்படிக் கவனிக்கிறது?

ஒரு நாளைக்கு நான்கு பேர், ஐந்து நாளில் 20 பேர். அந்த நால்வரின் பெயரை ஒட்டுத்தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். பார்த்ததை எழுதுங்கள், தீர்ப்பை எழுதாதீர்கள். ‘நன்றாகச் செய்தாள்’ என்ற குறிப்பு அடுத்த மாதம் யாருக்கும் உதவாது. ‘நான்கு பொத்தானைத் தொட்டு எண்ணினாள், ஐந்தாவதை இருமுறை எண்ணினாள்’ என்பது உதவும். அடுத்த வாரம் அவளோடு என்ன செய்ய வேண்டும் என்பது அந்த வரியிலேயே இருக்கிறது. அன்று வராத பிள்ளையை மறுநாள் பட்டியலில் சேருங்கள், விட்டுவிடாதீர்கள். வழக்கமாக விடுபடுவது அமைதியான பிள்ளைதான்.

20. நடுவுல ஒரு நாள் லீவு வந்துட்டா எதை விடுறது?

வியாழனை விடுங்கள். தூரிகையை அடுத்த வாரம்கூடச் செய்யலாம். எழுத்தை மட்டும் வெள்ளிக்கிழமை பத்து நிமிடம் சேர்த்துக்கொள்ளுங்கள். செவ்வாய் லீவானால் உடைப்பதைப் புதனுக்குத் தள்ளி, தவளை விளையாட்டை வியாழனுக்கு வையுங்கள். திங்களை மட்டும் குறைக்காதீர்கள்; காரணம் 3ஆம் பதிலில்.

21. வாரம் முடிஞ்சதும் கொட்டாங்குச்சியை வெளியே அடுக்கி வைக்கலாமா? செடி வைக்க உதவுமே?

வைக்காதீர்கள். மழை பெய்தால் ஒவ்வொன்றும் ஒரு கிண்ணம் தண்ணீர், ஏடிஸ் கொசுவுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். தண்ணீரைக் கொட்டிவிட்டால் ஆயிற்று என்று நினைக்க வேண்டாம், ஓட்டின் பக்கத்தில் ஒட்டிய முட்டை காய்ந்தபடியே மாதக்கணக்கில் இருந்து அடுத்த மழையில் பொரியும். வைத்துக்கொள்ள வேண்டிய பத்துப் பாதிகளைப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, காயவைத்து, மூடியுள்ள பெட்டியில் உள்ளே வையுங்கள். செடி வைப்பதானால் அடியில் மூன்று துளை போட்ட பிறகு. மிச்சத்தைக் குப்பையில் போடுங்கள்.

22. ஒரு தேங்காயை முளைக்க வைக்கலாமா? பிள்ளைங்க கேக்குறாங்க.

நார் உரிக்காத முற்றிய தேங்காயானால் முளைக்கும், ஆனால் முளை வெளியே தெரியவே மாதக்கணக்காகும். ஐந்து வயதுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. அதோடு சேர்த்து ஈரப் பஞ்சில் பச்சைப்பயறு போடுங்கள், இரண்டு நாளில் வால் விடும். தேங்காய் ஒரு மூலையில் கிடக்கட்டும், மாதத்துக்கு ஒருமுறை போய்ப் பார்க்கலாம்.

இல்லையென்றால் முளைவிட்ட தேங்காயாகவே ஒன்று வாங்கி, 7ஆம் பதிலில் சொன்னபடி உடையுங்கள். உள்ளே தண்ணீர் இருந்த இடத்தில் பஞ்சுபோல வெளிர்மஞ்சள் உருண்டை ஒன்று உட்கார்ந்திருக்கும். நாம் தேங்காய்ப்பூ என்கிறோம், மலாயில் தொம்போங். பெயரில்தான் பூ. கன்று வேர் பிடிக்கும்வரை உள்ளிருக்கும் பருப்பைக் கரைத்து அதற்கு ஊட்டுவது அதுதான். மெல்லிய துண்டாக வெட்டிக் கொடுத்தால் இனிப்பாக, நறுக்கென்று இருக்கும். திங்களன்று குலுக்கிப் பார்த்த பிள்ளைகளிடம் இதை உடைக்கும் முன்பும் குலுக்கக் கொடுங்கள். சத்தம் வராது.